கம்மல் ஓடிய காடு

எங்கள் ஊரில் விவரமானவர்கள் மூன்று பேர். குப்பாண்டி, அருளப்பன், அப்புறம் நான். ஊரார் வேறு மாதிரி சொல்வார்கள்; அவர்களை யார் கேட்டது?

கடலை பிடுங்கும்போது என் பெண்சாதி பேச்சியின் கம்மல் ஒன்று காணாமல் போயிற்று. ஒரு கல்யாணத்துக்காக அவள் அக்காளிடம் இரவல் வாங்கியது. அக்காள் அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் வருகிறாள்.

"கம்மல் கிடைக்கலேன்னா அதே பஸ்ஸுல நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் பேச்சி. சொன்னால் செய்வாள்.

டவுனுக்கு ஓடி, உலோகம் கண்டுபிடிக்கிற மிஷினை வாடகைக்கு எடுத்தோம். கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "கூவுற இடத்துல தோண்டுங்க. பக்கத்துல இரும்பு இருந்தா பொய்யாக் கூவும். ஏமாந்துராதீங்க."

கடலைக் காட்டுக்குள் நான் மிஷினை ஆட்டிக்கொண்டு நடந்தேன். குப்பாண்டி மண்வெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு என்னை ஒட்டியே வந்தான். கால் வைத்த இடமெல்லாம் கூவியது. முப்பது குழி தோண்டினோம்.

"ஒத்தைக் கம்மலுக்கா இத்தனை கூப்பாடு?" என்றான் அருளப்பன்.

"உடைஞ்சு சிதறியிருக்கும்." இதைச் சொன்னது நான்தான். மறைப்பானேன்.

குப்பாண்டிக்குத்தான் பொறி தட்டியது. "மாப்ளே, மண்வெட்டி இரும்புல்ல?"

மூவரும் உற்றுப் பார்த்தோம். இரும்புதான். உடனே அதைக் கிணற்றில் போட்டுவிட்டுக் கையால் தோண்டத் தயாரானோம்.

மிஷின் அடங்கியது. ஆனால் அருளப்பன் கிட்டே வந்ததும் மறுபடி கூவியது. அவன் நகர்ந்தான். கூவலும் நகர்ந்தது.

"கம்மல் ஓடுதுடா!" என்றேன்.

"ஆளைக் கண்டு மிரளுது" என்றான் குப்பாண்டி. "அருளப்பா, அசையாம நில்லு. உன் காலடியிலதான் இருக்கு."

தோண்டினோம். அருளப்பன் முழங்கால்வரை இறங்கினான், இடுப்புவரை இறங்கினான். கூவல் நிற்கவில்லை. குழிக்குள் நின்றபடியே அவன் யோசித்துச் சொன்னான்:

"போன வருஷம் பைக்குலேர்ந்து விழுந்தேன்ல, அப்ப இந்தக் கால்ல கம்பி வச்சாங்க. அதுவா இருக்குமோ?"

"ஏண்டா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கம்மலைப் பத்தித்தானே கேட்டீங்க?"

நியாயம்தான். காலைக் கழற்ற முடியாது என்பதால் அவனை வரப்பில் உட்கார வைத்தோம்.

அந்நேரம் பேச்சி வந்தாள். கடலைக் கூடையின் அடியிலேயே கம்மல் கிடந்ததாம். "கொக்கி வளைஞ்சிருக்கு, நிமிர்த்தி வைங்க. நான் போய் உலை வைக்கிறேன்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

எங்களுக்கோ மனசு ஆறவில்லை. மிஷின் நல்லதா, கெட்டதா? சோதித்துப் பார்க்கவேண்டாமா? கம்மலை மண்ணுக்குள் புதைத்தோம். இடம் மறந்துவிடக்கூடாதே என்று பக்கத்துக் காட்டில் ஒரு கடப்பாரையை இரவல் வாங்கி வந்து அதன்மேல் ஊன்றினோம். அப்புறம் டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்து மிஷினைப் போட்டால், கடப்பாரைப் பக்கம் காது கிழியக் கூவியது.

"இரும்பு" என்றான் குப்பாண்டி.

"பொய்" என்றான் அருளப்பன்.

நானும் சிரித்துக்கொண்டேன். எத்தனை தடவைதான் ஏமாறுவோம்? கடப்பாரையைச் சுற்றி நாலடி விட்டுவிட்டு, மிச்சக் காடு முழுவதையும் தோண்டத் தொடங்கினோம்.

பஸ் வந்தது. பேச்சியின் அக்காள் நேரே காட்டுக்கே வந்து, "என்ன தேடுறீங்க தம்பி?" என்று கேட்டாள்.

"உங்க கம்மலைத்தான் மதினி" என்றேன். "நீங்களும் தேடுங்க. அந்தக் கடப்பாரைப் பக்கம் மட்டும் போயிராதீங்க, ஏமாத்திரும்."