ஜெபத்தின் முன்பாதி

"சிஸ்டர், நான் ஆண்டவரை நேசிக்கிறேனா, இல்ல அவருக்குப் பயந்து நடக்கிறேனா?"

கேட்டவள் ராக்கினி. மீன் விற்கும் விதவை. கடற்கரையில் ஒரு சிற்றாலயம். அதை ஒட்டிய குடிலில் தனியாகத் தவம் இருந்தார் சிஸ்டர் பெனடிக்டா. வயதில் ராக்கினிக்கு இளையவர்.

சிஸ்டர் இடுப்பிலிருந்த ஜெபமாலையைக் கழற்றி நீட்டினார்.

"இன்னைக்கு நீங்க முன்சொல்லுங்க, அக்கா."

ராக்கினி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கரையில் ஜெபமாலையை இரண்டு குரலாகச் சொல்வார்கள். ஆண்டவர் கற்பித்த ஜெபத்தின் முன்பாதி ஒருவருக்கு, பின்பாதி மற்றவர்களுக்கு. முன்பாதி முடிகிற இடத்தில், உமது திருவுளம் நிறைவேறுக என்று வரும்.

ராக்கினி பின்பாதிதான் சொல்வாள். பூசையில்கூட முன்பாதிக்கு வாய் திறக்கமாட்டாள். மீன் ஏலத்துக்கு வரும் பெண்கள் அவளுக்குப் 'பின்பாட்டு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பின்பாட்டு, கூடையை நகர்த்து என்பார்கள். அவளும் நகர்த்துவாள்.

காரணத்தை அன்று சிஸ்டரிடம் மட்டும் சொன்னாள். புருஷன் கஸ்பார் கடலுக்குப் போன அன்று முன்சொன்னவள் அவள்தான். அந்த வரியையும் சொன்னாள். கஸ்பார் கரை திரும்பவில்லை. இப்போது மகன் லியோன் கடலுக்குப் போகிறான்.

"அந்த வரியைச் சொன்னா, எடுத்துக்கோன்னு நானே பிள்ளையைத் தூக்கிக் குடுத்த மாதிரி ஆயிரும், சிஸ்டர்."

அன்றும் சிஸ்டரே முன்சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் காற்று திசை மாறியது. கடல் கறுத்தது. படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு ஓடிவந்தன.

லியோனின் படகு வரவில்லை.

ராக்கினி ஓடிவந்து பீடத்துக்கு முன்னால் விழுந்தாள். ஜெபம் பண்ணுங்க என்று சிஸ்டரின் காலைப் பிடித்தாள். சிஸ்டர் அவளருகில் முழங்காலிட்டார். ஜெபமாலையை அவள் கையில் வைத்தார். அவள் முன்சொல்லக் காத்திருந்தார்.

காற்றில் கதவு அடித்துக்கொண்டது.

"உங்களுக்கென்ன, பெத்த பிள்ளையா போயிருக்கு?" என்றாள் ராக்கினி.

"இல்லதான், அக்கா. இன்னைக்கு என்ன ரகசியம்?"

முன்சொல்பவர் ஆண்டவரின் வாழ்வில் நடந்த ஒன்றை முதலில் அறிவிக்க வேண்டும். அதைத்தான் ரகசியம் என்பார்கள். வெள்ளிக்கிழமைக்கு உரியது எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ராக்கினி சொல்வாள்.

"இயேசு பூங்காவனத்தில் இரத்த வியர்வை சிந்தியது."

"எதுக்கு அப்படி வேர்த்துச்சு?"

"சாவு கிட்ட வந்துட்டுன்னுதான். பயத்துல."

"பயந்துகிட்டே என்ன சொன்னார்?"

ராக்கினி தரையைப் பார்த்தாள்.

"அந்த வரியத்தான்."

"யார்கிட்ட?"

அதற்குப் பதிலான சொல் முன்பாதியின் தொடக்கத்திலேயே இருந்தது. கடைசி வரிக்குப் பயந்து, அந்தச் சொல்லையும் அவள் இத்தனை வருஷம் சொல்லாமல் விட்டிருந்தாள்.

சிஸ்டர் எழுந்து போய், கடலைப் பார்த்த கதவை அகலத் திறந்துவிட்டு வந்தார். அலைகளுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

ராக்கினி ஜெபமாலையின் மணியைப் பிடித்தாள்.

"எங்கள் தந்தையே" என்றாள்.

அந்தச் சொல்லிலேயே நிறுத்தி அழுதாள்.

பிறகு, பயம் தீர்வதற்குக் காத்திராமல், மேலே சொல்லிக்கொண்டு போனாள். அந்த வரி வந்தது. அதையும் சொன்னாள். லியோனின் பெயரை அதோடு சேர்க்கவில்லை.

பக்கத்திலிருந்து பின்பாதி வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். சிஸ்டர் கடலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

"பின்பாதி உங்களுக்கு, சிஸ்டர்" என்றாள் ராக்கினி.