நின்றுபோன தமுக்கு

“மூணு மழை பாத்துட்டேன் தாயி. இன்னும் தமுக்குத்தான் அடிச்சுக்கிட்டிருக்கேன். வில்லு எப்ப?”

கேட்டவர் சடையாண்டி. வயது நாற்பத்தைந்து. அவருடைய கிழங்குக் கொல்லையைக் காட்டுப்பன்றிகள் இரண்டு வருஷம் அடியோடு கிளறிவிட்டுப் போயின. அந்த ஆத்திரத்தில், வேட்டை கற்றே தீருவேன் என்று மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தவர்.

குரு பேச்சி அவரைவிடப் பத்து வயது இளையவள். பேர்தான் பேச்சி. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

அவள் கூட்டத்தில் நாலு பேர் புதருக்குள் தமுக்கடித்துக்கொண்டே நடந்து பன்றியைக் கலைப்பார்கள். மற்றவர்கள் மறுபக்கம் வில்லோடு காத்திருப்பார்கள். பெருமையெல்லாம் காத்திருப்பவர்களுக்கு, முள்ளெல்லாம் கலைப்பவர்களுக்கு. மூன்று வருஷத்து முள்ளும் சடையாண்டியின் காலில் இருந்தது.

பேச்சி அவர் கழுத்திலிருந்த தமுக்கைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். தன் வில்லை அவர் கையில் கொடுத்தாள்.

“இன்னிக்கு.”

சடையாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

வில்லாளிகளில் மூத்தவரான ஓதியப்பன் அவரைப் பாறை மறைவில் நிறுத்தி, கூட்டத்தின் முறையை ஒருதரம் ஞாபகப்படுத்தினார். முதல் பன்றியைத் தப்பவிடுகிறவன் மறுபடி வில்லைத் தொடக் கூடாது.

சடையாண்டிக்கு அது தெரியாதா என்ன? மூன்று வருஷமாகக் கனவிலும் அதுதானே.

வெயில் ஏறியது. நாலு தமுக்கும் முழங்கத் தொடங்கின. சத்தம் நெருங்க நெருங்க அவர் நெஞ்சும் கூடவே அடித்தது.

பன்றி வந்தது.

வாட்டசாட்டமான ஆண் பன்றி. இருபதடி தூரத்தில், விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் அடர்ந்த ஈச்சம்புதர். அதில் ஓர் ஓலைகூட அசையவில்லை.

சடையாண்டி நாணைக் காதுவரை இழுத்தார். உடம்பெல்லாம் சந்தோஷம் ஏறியது. இதோ, ஒரு நொடி.

அப்போது ஒரு தமுக்கு நின்றுபோனது.

மற்ற மூன்றும் கேட்டன. நடுவிலிருந்த ஒன்று மட்டும் இல்லை.

சடையாண்டி அம்பை விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பன்றி அவரைப் பார்த்து உறுமியது. பிறகு பாறையை உரசிக்கொண்டு ஓடியே போய்விட்டது.

ஓதியப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தார். கைக்கு எட்டியதைக் கோட்டை விட்டுவிட்டாரே என்று தலையிலடித்துக்கொண்டார். சடையாண்டி அம்பை நாணிலிருந்து எடுத்தார். கண் ஈச்சம்புதரிலேயே இருந்தது.

ஈச்சம்புதர் விலகியது.

பேச்சி வெளியே வந்தாள். இரண்டு கையிலும் சேறு. தமுக்கு முதுகில் தொங்கியது.

“ஏன் அண்ணே விடல?”

“அந்தப் பொதருக்குள்ள ஓடைப் பள்ளம் ஒண்ணு இருக்கு தாயி. ரெண்டு கையையும் ஊனித்தான் ஏறணும். தமுக்கை முதுகுப் பக்கம் தள்ளிக்குவேன். அந்த நேரம் சத்தம் நின்னுபோகும். அம்பு தப்புனா பொதருக்குள்ளதான் பாயும். மூணு வருஷமா நான் ஏறுன எடம் அது.”

முறை முறைதான். சடையாண்டி வில்லைப் பாறையில் சாய்த்து வைத்துவிட்டு, தமுக்கை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

அவள் தரவில்லை. அதை முன்பக்கம் இழுத்து மாட்டிக்கொண்டாள்.

“உள்ள இன்னும் ரெண்டு பன்னி கெடக்கு. வில்லை எடுங்க.”

ஓதியப்பன் குறுக்கே வந்து, முறை என்று ஒன்று இருக்கிறதே என்றார்.

பேச்சி அதற்குள் புதரை நோக்கி நடந்துவிட்டாள். திரும்பாமலே சொன்னாள்:

“நான் நடக்குற பக்கம் இவருதான் நிக்கணும்.”