நாச்சி காத்த பூ

ஒரு மலைச்சரிவில் நாச்சி என்றோர் எலி தன் நான்கு குட்டிகளோடு வளையில் வாழ்ந்து வந்தது. முன்பு அந்தச் சரிவில் எலிக் குடும்பங்கள் நிறைய இருந்தன. ஒரு கோடையில் காட்டுத்தீ வந்து புல்லையும் புதரையும் வேரோடு தின்றுவிட்டுப் போயிற்று. வேர் போன மண் ஆடி மழையில் சரிந்தது. நாச்சியின் தங்கை குடும்பத்தோடு மண்ணுக்குள் போயிற்று.

நாச்சியின் வளை மட்டும் தப்பியது. அது ஏன் தப்பியது என்று நாச்சிக்குத் தெரியும். வளைக்கு நேர் மேலே, தீயில் கருகாத ஒரே ஒரு செடி நின்றது. சாண் உயரம்கூட இல்லை. ஆனால் அதன் வேர் அந்த இடத்து மண்ணை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

வேறு இடத்துக்குப் போயிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். பாம்பு ஏறாத மேடு அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். பாவம், எலி எங்கே போகும்?

தை மாதம் செடி பூத்தது. ஒரே ஒரு பூ. நடுவில் பொன்னிற வட்டம், சுற்றிலும் வெள்ளை இதழ்கள். பூ விரிய விரிய அடியிலைகள் பழுத்தன. மூங்கிலைப் போல, பூத்ததும் பட்டுப்போகும் சாதி அது என்று நாச்சி புரிந்துகொண்டது.

"இந்தப் பூவை வித்தாக விட்டுட்டா போதும். கோடை மழைக்கு முளைச்சு, ஆடிக்குள்ள சரிவெல்லாம் வேர் ஓடிடும். அப்புறம் நமக்கு மண்ணு பயம் இல்லை," என்று குட்டிகளிடம் சொன்னது. அன்றிலிருந்து கண்ணை இமை காப்பதுபோல் பூவைக் காத்தது.

ஒரு நாள் அந்த வழியாகக் கருமந்தி வந்தது. அந்தக் காட்டில் எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லும் குரங்கு அதுதான். செடியைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"நாச்சி, நான் ஏறாத மரமில்லை, பார்க்காத செடியில்லை. இது புதுசு. இதுக்கு இன்னும் பேரே இல்லை!"

"அப்படியா ஐயா?"

"உன் பேரையே வச்சுடலாம். நாச்சிப்பூ. ஆனா பேர் வைக்கிறதுன்னா சும்மா இல்லை. அடையாளத்துக்கு ஒரு இதழ் என் கையில வேணும்."

நாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு காட்டெலியின் பெயரில் பூ! இருந்தாலும் எச்சரிக்கையாகவே பேசியது. "நடுவுல மட்டும் கை வைக்காதீங்க ஐயா. வித்து அங்கதானே இருக்கும்?"

"பின்னே? இதழ் வெறும் அலங்காரம். அது எனக்குத் தெரியாதா?" என்றது கருமந்தி. ஓர் இதழைக் கிள்ளிக்கொண்டு போனது. போகிற வழியெல்லாம், "நான் கண்டுபிடிச்ச பூ" என்று காட்டிக்கொண்டே போனது.

அவ்வளவுதான். காடே கிளம்பி வந்தது.

முயல் வந்தது. "மதினி, உங்க பூவைப் பத்தித்தான் ஊரே பேசுது. எனக்கும் ஒரு இதழ் குடுங்களேன்."

"எடுத்துக்கோ. நடுவைத் தொட்டுடாதே," என்றது நாச்சி.

கடமான் வந்தது. "ஓடைக்கு அந்தப் பக்கம் யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. ஒண்ணே ஒண்ணு கொண்டுபோய்க் காட்டுறேன்."

கடமான் வந்து கேட்கிற அளவுக்கு நாம் ஆளாகிவிட்டோமே என்று நாச்சி பூரித்துப்போனது. அதற்கும் ஒன்று கொடுத்தது. இப்படி வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று. ஆனால் நடுவட்டத்தின் பக்கம் யாராவது மூக்கை நீட்டினால் போதும், பல்லைக் காட்டிச் சீறியது. தன்னைப்போல் கண்டிப்பான காவல் இந்த மலையில் இல்லை என்று அதற்கு ஒரே பெருமை.

இதழ்களில் பாதி போயிருந்த சமயம். தினமும் அந்தப் பூவுக்கு வரும் கொசுத்தேனீ ஒன்று பதறிப்போய் நாச்சியின் காதருகே வந்தது.

"அக்கா, என்ன காரியம் பண்றீங்க? நீங்க கிள்ளிக் குடுக்கறது இதழ் இல்லை. ஒவ்வொண்ணும் ஒரு தனிப் பூ. நடுவுல மகரந்தத் தூள் மட்டும்தான் இருக்கு. வித்து பிடிக்கிறது ஓரத்துப் பூவுலதான். நான் தினம் தலையை உள்ளே விட்டுப் பார்க்கிறவ, சொல்றேன்."

இரண்டாவது இதழ் வாங்க வந்திருந்த கருமந்தி வயிறு குலுங்கச் சிரித்தது. "பூவுக்குள்ள பூவாம்! நாச்சி, உன் பேருல ஒரு பூ இருக்கு. இந்தக் கொசுத்தேனீ பேருல என்ன இருக்கு? யார் பேச்சைக் கேட்பே?"

நாச்சியும் சிரித்தது. "நீ போ தங்கச்சி. என் பூவைப் பத்தி எனக்கே பாடமா?"

தேனீ போய்விட்டது. பிறகு அது வரவில்லை.

கடைசியில் ஓர் இதழ் மிச்சம் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. கடைக்குட்டிதான் கேட்டது.

"ஊருக்கெல்லாம் குடுத்தியேம்மா. எனக்கு?"

பெற்ற மனம் கேட்குமா? நாச்சி தானே ஏறி அந்த இதழைப் பறித்துக் குட்டியின் கையில் கொடுத்தது. குட்டி அதைக் குடைபோல் பிடித்துக்கொண்டு அன்று முழுவதும் வளைக்குள் ஆடித் திரிந்தது. அதைப் பார்த்து நாச்சி மகிழ்ந்த மகிழ்ச்சியை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மாசியில் செடி காய்ந்தது. பொன் வட்டம் பழுப்பாகி வெடித்தது. நாச்சி ஆவலோடு அதை உதிர்த்துப் பார்த்தது. பொட்டு. மறுபடி உதிர்த்தது. எல்லாம் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பொட்டு. ஒரு வித்துகூட இல்லை.

தேனீ சொன்னது நினைவுக்கு வர, நாச்சி இதழைக் கேட்டு முயலிடம் ஓடியது. "அதை அன்னைக்கே தின்னுட்டேனே மதினி," என்றது முயல். கடமான் ஓடைக்கரையில் எங்கோ தொலைத்திருந்தது. கருமந்தி மட்டும் மரப்பொந்தில் பத்திரமாக வைத்திருந்தது. நாச்சி அந்தக் காய்ந்த இதழைப் புரட்டிப் பார்த்தது. அடியில் கடுகில் பாதி அளவுக்கு வெளுத்துச் சுருங்கிய ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அட, கொசுத்தேனீ சொன்னது நிஜம்தான் போல," என்றது கருமந்தி. "ஆனா பிஞ்சுல பறிச்சாச்சு. இனி முளைக்காது."

"இனி நான் என்ன செய்வேன் ஐயா?"

"பேர் இருக்கே நாச்சி. அது எங்கேயும் போகாது," என்று சொல்லிவிட்டு அடுத்த கிளைக்குத் தாவியது.

கோடை மழை பெய்தது. சரிவில் எதுவும் முளைக்கவில்லை. செடி நின்ற இடத்தில் பட்டுப்போன வேர் மக்கிக்கொண்டிருந்தது. நாச்சி கிடைத்த சருகையும் கல்லையும் இழுத்து வந்து வளைக்கு மேலே அடைத்துப் பார்த்தது. ஒரு எலி எத்தனை கல்லை இழுக்கும்?

ஆடி பிறந்தது. விடாமல் மழை கொட்டியது. ஒரு காலையில் வளையின் கூரையிலிருந்து மண் உதிரத் தொடங்கியதும் நாச்சி கடைக்குட்டியைக் கவ்விக்கொண்டு பாறைக்கு ஓடியது. அதை அங்கே விட்டுவிட்டு மற்ற மூன்றையும் எடுத்துவரத் திரும்பியது. பாதி வழி வந்திருக்கும். மலை ஒரு முறை முனகியது. சரிவு அப்படியே வழுக்கி ஓடையில் இறங்கியது.

நாச்சி சேற்றைப் பறித்தது. பறிக்கப் பறிக்கச் சேறுதான் வந்தது. நகம் பிய்ந்து ரத்தம் வந்த பிறகும் பறித்துக்கொண்டே இருந்தது. குரல் ஒன்றும் கேட்கவில்லை.

பாறைமேல் நனைந்தபடி நின்ற கடைக்குட்டி, "அம்மா, அண்ணன்களை எப்போ கூட்டிட்டு வருவே?" என்று கேட்டது.

எது உயிர், எது அலங்காரம் என்று தாம் அறியாத பொருளிலிருந்து, புகழுக்கு மயங்கி ‘ஒன்றுதானே’ என்று கிள்ளிக் கொடுப்பவர் தம் தலையில் தாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார்.