கால் நீட்டும் சட்டம்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் சண்டைக்கு வரக்கூடிய ஒரு நாட்டில், ராஜாவுக்குத் திடீரென்று ஓட்டப் பைத்தியம் பிடித்தது. அதற்குத் தூபம் போட்டவர் அரண்மனைப் பயில்வான் மல்லப்ப ஆசான். "ஓடுவதற்கு முன் ஒரு நாழிகை காலை நீட்டி அசையாமல் நிற்க வேண்டும், பிரபு. வேகம் கூடும், சுளுக்கே வராது" என்றார். ராஜா உடனே சட்டம் போட்டார். நீட்டாமல் ஓடுபவருக்குச் சாட்டையடி!

அரசவை விகடர் சாத்தப்பருக்கு இது அறவே பிடிக்கவில்லை. "அசையாமல் நின்றால் உடம்பு ஆறிப்போகுமே, பிரபு. மெல்ல நடந்து, பிறகு விரைந்து, உடம்பைச் சூடாக்கிக்கொண்டு ஓடினால் போதாதா? நீட்டி நின்றவர்களுக்கும் தொடை பிடித்துக்கொள்ளத்தானே செய்கிறது?" என்று கேட்டுப் பார்த்தார்.

"சிரிப்பு மூட்டுகிறவருக்குச் சதையைப் பற்றி என்ன தெரியும்?" என்று மட்டம் தட்டினார் ஆசான். சபை கெக்கலி கொட்டியது. சாத்தப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரமே தூதன் காத்தான் மாட்டிக்கொண்டான். எல்லையில் வெள்ளம் என்று சேதி சொல்ல, நீட்டாமல் ஓடி வந்துவிட்டான். ஊர் பிழைத்தது. ஆனால் சட்டம் சட்டம்தானே! அவன் மனைவி அழுதுகொண்டே சாத்தப்பர் காலில் விழுந்தாள்.

மறுநாள் சாட்டையடி பார்க்க ராஜாவும் ஆசானும் முற்றத்தில் வந்து அமர்ந்தார்கள். சாத்தப்பர் ஓரமாக நின்று ஒரு காலைப் படிக்கட்டில் நீட்டி வைத்திருந்தார். தம் கையால் பருத்திக்கொட்டை ஊட்டி வளர்த்த அரண்மனைக் காளையை அப்போதுதான் அவிழ்த்துவிட்டிருந்தார். தீனிக்கூடையை ஆசானின் ஆசனத்துக்குப் பின்னால் வைத்தவரும் அவர்தான்.

காளை கொம்பை ஆட்டிக்கொண்டு பாய்ந்து வந்தது. "ஐயோ, அம்மா!" என்று அலறிய ஆசான், வேட்டி ஒரு பக்கம் போக, ஒரே ஓட்டமாக ஓடிச் சுவரில் தாவி ஏறினார். அவருக்கு முன்பே ராஜா அங்கே உட்கார்ந்திருந்தார்.

காளை சாவகாசமாகத் தீனி தின்றது.

"பிரபு, சட்டப்படி இன்னும் இருவருக்குச் சாட்டையடி சேர்கிறது. யாரிடமிருந்து தொடங்கலாம்?" என்று பணிவாகக் கேட்டார் சாத்தப்பர்.

"அது கிடக்கட்டும். நீர் ஏன் ஓடவில்லை, ஓய்?" ராஜாவுக்கு மூச்சு வாங்கியது.

"நான் இன்னும் நீட்டி முடிக்கவில்லையே, பிரபு! சட்டத்தை மீறலாமா?"

ராஜா சுவரே குலுங்கச் சிரித்தார். சட்டத்தை அங்கேயே ரத்து செய்தார், காத்தானை விடுவித்தார். பிறகு கழுத்து முத்துமாலையைக் கழற்றி மேலிருந்தே வீசினார். அதைப் பிடிக்கச் சாத்தப்பர் ஓடினாரே ஓர் ஓட்டம், ஆசான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்!