தயாரிப்பாளரின் சிரிப்பு

கோடம்பாக்கத்தில் பரசுராமன் என்ற படத் தயாரிப்பாளர், செயற்கை நுண்ணறிவு எழுதிய நகைச்சுவைக் காட்சி ஒன்றைக் கதை விவாத அறையில் இயக்குநர், மானேஜர் எல்லோருக்கும் வாசித்தார். வாசித்துவிட்டு அவரே சிரித்தார். உடனே அறையே விழுந்து விழுந்து சிரித்தது.

"பார்த்தியாம்மா? இனிமே உனக்கு இங்க என்ன வேலை?" என்றார், உதவி வசனகர்த்தா குழலியிடம்.

"போயிடறேன் சார்," என்று எழுந்தாள் குழலி. "அதுக்கு முன்னாடி, அது எழுதின அடுத்த சீனைச் சிரிக்காம வாசிச்சுக் காட்டுங்களேன்."

"இதென்ன பெரிய காரியம்!"

முகத்தை இறுக்கிக்கொண்டு வாசித்தார். அறையில் ஈ பறக்கும் சத்தம்தான் கேட்டது. பரசுராமனுக்கு ஒன்றும் புரியவில்லை. முன்னதைவிட இது நல்ல காட்சியாயிற்றே! இவர்களுக்கு என்ன ஆயிற்று? இயக்குநரைப் பார்த்தார். அவரோ மானேஜரைப் பார்த்து விழித்தார்.

மானேஜர் மெல்ல எழுந்தார். "சார், இது சிரிக்கிற சீனா, அழுகிற சீனா?"

"என்னய்யா கேள்வி இது?" பரசுராமன் இன்னும் குழம்பினார்.

"தியேட்டர்ல விளக்கை அணைச்சிடுவாங்க சார்," என்றாள் குழலி. "அங்க உங்க முகம் தெரியாதே!"

எல்லோரும் பதறிப்போய் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பரசுராமன் திகைத்தார்; பிறகு அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார்.

"உட்காரும்மா. அந்த சீனை நீயே எழுது."

அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்தது.