முதல் தீக்குச்சி யார் கைக்கு?

ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை நடத்தும் இந்திராணிக்கு ஒரு தீப்பெட்டியால் வந்த தர்மசங்கடத்தைக் கேளுங்கள். கேட்டுவிட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். கதை சொல்கிறவன் தீர்ப்பையும் முந்திக்கொண்டு சொன்னால் உங்களுக்கு என்ன வேலை?

மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கை அரைத்து மாவெடுத்தால் கழிவுத் தண்ணீர் மிஞ்சும். அது தேங்கி நின்றால் அடிக்கும் நாற்றம் இருக்கிறதே, அப்பப்பா! ஆலைக்கு வேலி ஒட்டிய தோட்டம் செங்கோடனுடையது. அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கைநனைக்காமலே காரேறிப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அந்த மனிதர் ஆலைப் பக்கம் திரும்பினாலே துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். ஆலையை மூடச் சொல்லி மனுக் கொடுத்தவரும் அவர்தான்.

மனு வேலை செய்தது. தை பிறப்பதற்குள் நாற்றம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஆலைக்குப் பூட்டு என்று உத்தரவு வந்தது. இந்திராணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆலை நின்றால் தனக்கு மட்டுமா கஷ்டம், கிழங்கு உரிக்கும் பெண்கள் அத்தனை பேரும் எங்கே போவார்கள்?

அந்த நேரத்தில் வழி காட்டியவர் தொழில் துறை அதிகாரி அன்வர் பாஷா.

"புதுசா ஒண்ணு செஞ்சு பார்க்கிற ஆலைக்கு அரசாங்கமே செலவுல கைகொடுக்குதும்மா. ஆனா, பல்கலைக்கழகத்தோட சேர்ந்து செய்யணும். அதுதான் நிபந்தனை."

சொன்னதோடு விடாமல் பேராசிரியை ஜெசிந்தாவையும் அவரே அழைத்துவந்தார். கழிவுத் தண்ணீரை மூடிய தொட்டியில் விட்டு, அதிலிருந்தே எரிவாயு எடுத்து, அந்த வாயுவிலேயே ஜவ்வரிசியை வறுக்கலாம் என்றார் ஜெசிந்தா. நாற்றமும் போகும், விறகுச் செலவும் குறையும். இந்திராணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது மட்டும் நடந்துட்டா, என்னைக் காப்பாத்தினவங்க கையாலதான் முதல் அடுப்பைப் பத்தவெச்சுப் பால் காய்ச்சுவேன்" என்று எல்லோர் எதிரிலும் வாக்குக் கொடுத்தாள். காப்பாற்றப்போவது ஒரே ஆள்தான் என்று நினைப்பு, பாவம்!

தொட்டி எழும்பியது. கழிவுத் தண்ணீரை விட்டார்கள், மெல்ல மெல்லக் குமிழியும் வர ஆரம்பித்தது. "இதை மட்டும் யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா ஊருக்குப் போனார். ஏன் தொடக்கூடாது என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

வந்தது ஆயுத பூசை. அரைவை இயந்திரம், மோட்டார், தராசு எல்லாம் குளித்துச் சந்தனம் வைத்துக்கொண்டன. தொட்டியை மட்டும் அழுக்கோடு சாமிக்கு முன்னால் நிறுத்த இந்திராணிக்கு மனம் வருமா? மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததை இறைத்துக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுப் பளபளவென்று தேய்க்கச் சொன்னாள். பிறகு பெரிதாகக் குங்குமம் வைத்தாள். பக்தியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன்பிறகு ஒரு குமிழிகூட வரவில்லை.

ஓடிவந்த ஜெசிந்தா தலையில் கைவைத்துக்கொண்டார். "உள்ள இருந்ததெல்லாம் உசுரும்மா! கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க. அதுங்கதான் வாயுவே கொடுக்கும். அத்தனையையும் கொன்னுட்டீங்களே!"

திட்டம் தோற்றது, உதவியை நிறுத்திவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது. ஆய்வுக் கூட்டத்தில் இந்திராணி வாய் திறப்பதற்குள் ஜெசிந்தா எழுந்தார். "ஏன் தொடக்கூடாதுன்னு நான் சொல்லித் தரல. தப்பு என்னோடது." அன்வர் பாஷாவும் அசையவில்லை. "வரும்னு தெரிஞ்ச வேலைக்குக் கடன் கொடுக்க வங்கி இருக்கு. வருமா வராதான்னு தெரியாத வேலைக்குத்தான் நம்ம திட்டம். தோத்தா என் பேரைச் சொல்லுங்க" என்று பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். உதவி நிற்கவில்லை.

இனி கிருமிகளை வளர்க்கப் பச்சைச் சாணம் வேண்டும், அதுவும் அன்றாடம் வேண்டும். பக்கத்தில் பெரிய மாட்டுக்கொட்டகை செங்கோடனுடையது ஒன்றுதான். எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்று இந்திராணி தவித்துக்கொண்டிருந்தபோது வாசலில் டிராக்டர் வந்து நின்றது. மூக்கில் துண்டோடு இறங்கினார் செங்கோடன்.

"மஞ்சக் காட்டுக்குப் போட வேண்டிய சாணி. இறக்கிக்கம்மா."

"நீங்களாண்ணா?" என்றாள் இந்திராணி.

"பூட்டச் சொன்னவன் நான்தான். ஆனா சாணி கிடைக்கலைன்னா வேலை போயிடும்னு பொம்பளைங்க அழுதுட்டுப் போறதைப் பார்த்தா எனக்குச் சோறு இறங்கலையே."

தை பிறக்கும் முன்பே குழாயில் வாயு வந்துவிட்டது. நாற்றம் ஓடிப்போனது. செங்கோடன் மூக்கிலிருந்த துண்டு மட்டும் போகவில்லை, பழகிப்போயிற்று!

பால் காய்ச்சும் நாளில் மூவரும் வந்தார்கள். இந்திராணி தீப்பெட்டியை நீட்டினாள். அன்வர் பாஷா, "டீச்சரம்மா இல்லாம ஏது தொட்டி?" என்று ஜெசிந்தாவிடம் கொடுத்தார். ஜெசிந்தா, "சாணி இல்லாம ஏது வாயு?" என்று செங்கோடனிடம் நீட்டினார். செங்கோடன், "ஆபீசர் கைவிட்டிருந்தா எல்லாம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும்" என்று அதிகாரியைக் காட்டினார். ஆளுக்கொரு கட்சி சேர்ந்துகொண்டு ஆலைப் பெண்கள் போட்ட சத்தம் கொஞ்சமா! சுற்றிவந்த தீப்பெட்டி கடைசியில் இந்திராணி கைக்கே திரும்பியது. மூன்று பேரையும் கும்பிடத்தான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் குச்சியை ஒருவர்தானே உரச முடியும்?

சொல்லுங்கள், அந்த முதல் தீக்குச்சி யார் கைக்குப் போவது நியாயம்?

விடை: செங்கோடன் கைக்கு. அன்வர் பாஷாவும் ஜெசிந்தாவும் தங்கள் பெயரையே பணயம் வைத்தார்கள், அதை மறந்தால் பாவம். ஆனால் தொட்டி பிழைக்க வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே ஆசைப்பட்டவர்கள் அவர்கள். செங்கோடனோ சும்மா இருந்திருந்தாலே போதும், தையில் ஆலையும் பூட்டியிருக்கும், நாற்றமும் நின்றிருக்கும், அவர் கோபமும் ஜெயித்திருக்கும். தான் ஜெயிக்க இருந்ததை விட்டுக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான். இந்திராணி அப்படித்தான் தீர்த்தாள். முதல் இரண்டு தம்ளர் பாலை மற்ற இருவருக்கும் தன் கையாலேயே கொடுப்பதாகச் சொல்லி, தீப்பெட்டியைச் செங்கோடனிடம் வைத்தாள். குச்சி உரச இரண்டு கையும் வேண்டுமே! அவர் மூக்கிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அடுப்பு பற்றியது, பால் பொங்கியது. பாலைக் குடித்து முடித்து வீட்டுக்குப் போகும்போதும் துண்டு தோளிலேயே கிடந்தது.