ஏழு கிளிப்புகள்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தாறு. சிரிக்காதீர்கள், எங்கள் ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான்.

மாசானம் அண்ணாச்சி முப்பது வருஷம் டெலிபோன் கேபிளுக்கு ஜாயின்ட் போட்டவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நவமணி டீச்சரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். ஒரே ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளியின் ஆகச் சிறிய துளியை, கண்ணாடி இழை வழியாகச் சொன்ன முனைக்கு அனுப்ப வேண்டும். ஒரு மாதமாக எதுவும் போய்ச் சேரவில்லை.

டீச்சர் விடுப்பு முடிந்து வந்த அன்றே அண்ணாச்சி விலகல் கடிதத்தை நீட்டினார்.

"நமக்கு இது சரிப்பட்டு வராது டீச்சர். நான் ஊரைப் பார்க்கப் போறேன்."

"ஸ்விட்ச் ஒளியைச் சொன்ன வழிக்குத் திருப்புதா?"

"டாண்ணு திருப்புது."

"ஜாயின்ட்?"

"என் கை போட்ட ஜாயின்ட்டைக் குறை சொல்ல இன்னொருத்தன் பிறந்து வரணும்!"

டீச்சர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். வழி நெடுக ஏழு கிளிப். ஒவ்வொன்றும் இழையை வளைத்துப் பிடித்திருந்தது. வளைவில் கசியும் வெளிச்சத்தை மீட்டர் காட்டும். கேபிள்காரர்கள் எல்லோரும் செய்வதுதான்.

"இது என்ன அண்ணாச்சி?"

"போகுதான்னு பார்க்கத்தான். மீட்டர் ஒண்ணும் காட்டல. அதான் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்."

"டெலிபோன் லைன்ல கோடி கோடியாப் போகும். கொஞ்சம் கசிஞ்சா ஒண்ணும் ஆகாது. இங்கே?"

"ஒண்ணே ஒண்ணு..." அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "அட கூறுகெட்டவனே!"

ஏழையும் டீச்சரே கழற்றி டிராயரில் போட்டார். மறுமுனையில், வந்து சேரும் ஃபோட்டானை ஒவ்வொன்றாக எண்ணும் பெட்டி 'டிக்' என்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டிக்'. அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. கடிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு உடனே போனை எடுத்தார்.

அவருடைய ஒரே மகள் செண்பகம் அன்று காலைதான் முதல் வேலைக்காகத் தனியாகப் புனேவுக்கு ரயில் ஏறியிருந்தாள்.

"இது எத்தனையாவது போன்?"

"ஸ்டேஷனுக்கு ஒண்ணு. இப்ப எடுக்கவே மாட்டேங்கா. கடைசியா எடுத்தப்ப அழுதுட்டே, 'விடுங்கப்பா'ன்னு வச்சுட்டா."

டீச்சர் டிராயரை இன்னும் கொஞ்சம் இழுத்துத் திறந்தார்.

"அதையும் இதுல போடுங்க."

"டீச்சர்! சின்னப் பிள்ளை. நடுவுல என்ன ஏதுன்னு பார்க்காம எப்படி இருக்கிறது?"

"ஜாயின்ட்டுக்கு அவ்வளவு பெருமை பேசினீங்களே அண்ணாச்சி. பிள்ளையை வளர்த்ததும் அதே கைதானே?"

அண்ணாச்சி போனை டிராயரில் வைத்தார்.